வாசற்கதவில் ஒரு கூட்டுப்புழு

பாகூர்,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் ஆதிமூலம் அவர்களுக்கு, தணிகைவேல் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கையும் உங்கள் மருமகள் கஸ்தூரியும் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? போனில் பேசினால் உங்கள் தங்கை காதில் விழும் என்பதால், கரும்புக் கொல்லையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கஸ்தூரி காலேஜில் பூச்சிகளைப் பற்றிப் படிப்பது தாங்கள் அறிந்ததே. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜெர்மன்காரம்மா, பெயர் என் வாயில் நுழையவில்லை, வீட்டிலேயே புழு வளர்த்து, முட்டையிலிருந்து பட்டாம்பூச்சி வரை படம் வரைந்தாராம். அவரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே? இவளும் புழு வளர்க்கிறாள். என் கறிவேப்பிலைச் செடி மொட்டை. அதையும் பொறுத்துக்கொண்டேன். போன வாரம் ஒரு புழு டப்பாவிலிருந்து தப்பி, ஊரில் இத்தனை இடம் இருக்க, வாசற்கதவு இடுக்கில் போய் நூல் கட்டிக் கூட்டுப்புழுவாக உட்கார்ந்துவிட்டது. கதவைத் திறந்தால் நசுங்கிவிடுமாம். "அது இன்னாப்பா பண்ணுச்சு ஒன்ன? கொஞ்ச நாளு பின்பக்கமா போயேன்" என்கிறாள். பின்பக்கம் மாட்டுக்கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை தாங்கள் சோரியாங்குப்பத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டாரை அழைத்து வருகிறீர்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் பூவும் பழமுமாகச் சாணியைத் தாண்டி வந்தால் சம்பந்தம் என்ன ஆகும்? கேட்டால், "இதுக்கே மூஞ்ச சுளிக்கிற வூட்டுக்கு நான் எதுக்குப் போவணும்?" என்கிறாள். ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போனது. எனக்குத் தூக்கமே இல்லை.

உங்கள் தங்கையாவது கண்டிப்பாள் என்று பார்த்தேன். அவளோ, அந்த அம்மாள் புருஷனை விட்டுவிட்டு, ஐம்பத்திரண்டு வயதில் மகளோடு கப்பலேறிப் பூச்சி தேடிப் போன கதையை வாய் பிளந்து கேட்கிறாள். "எம்மாந் தைரியம் பாத்தியா!" என்று சொல்லி என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். அவளுக்கும் ஐம்பத்திரண்டுதான் நடக்கிறது. அலுத்துவிட்டது மச்சான். அண்ணன் என்கிற முறையில் ஒரு அதட்டல் போட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தக் கூட்டைப் பிய்த்துப் போடச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நூறு வயது நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தணிகைவேல்

பின்குறிப்பு: புதன் காலை. தபாலில் போடக் கிளம்பும்போது கூடு வெடித்தது. கறுப்பாக, இறக்கை கசங்கி, தொப்பலாக வெளியே வந்தது. மாட்டுக்குத் தண்ணி காட்டவும் மறந்து நின்றேன். கஸ்தூரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் பிடித்தது, அதற்கப்புறம் இப்போதுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது பறந்ததும் கதவைத் திறக்கப் போனேன், தாழ்ப்பாளில் இன்னொன்று நூல் கட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே எல்லோரையும் பின்பக்கமாகவே அழைத்து வாருங்கள். சாணியை நானே அள்ளிவிடுகிறேன். யாராவது முகம் சுளித்தால், அப்படியே திருப்பி அழைத்துப் போய்விடுங்கள்.