பக்கத்து மேசை அனுதாபி

இரக்கப்படுகிறவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. பிறர் துன்பத்தைக் கண்டு உருகி, அப்படி உருகிய தம்மைக் கண்டு இன்னும் அதிகமாக உருகுகிறவர்கள். உங்கள் ஊரிலும் பார்த்திருப்பீர்கள். சேரியைப் பற்றிப் பேசத் தொடங்குவார். அடுத்த வாக்கியத்தில் தம் தூக்கம் கெட்டது வரும், அதற்கடுத்ததில் பெரியப்பா தம்மைக் கோபித்துக்கொண்டது வரும். அப்புறம் சேரி வராது.

சங்கரன்கோவிலில் அவர் பெயர் வைத்தியலிங்கம்.

சென்ற மாசியில் தேரடிக் காபி கிளப்பில், சேரி வாலிபன் காசி பெஞ்சில் உட்கார்ந்து காபி குடித்தான். அதற்காக முதலாளியின் ஆட்கள் அவனை விறகுக் கட்டையால் அடித்தார்கள். பக்கத்து மேசையில் இட்லி தின்றுகொண்டிருந்த வைத்தியலிங்கம், கை கழுவப் பின்பக்கம் போனவர் போனவர்தான். நேரே வீட்டுக்குப் போய் நான்கு அங்கத்தில் ஒரு நாடகம் எழுதினார். அதில் கதாநாயகர் பாய்ந்து கட்டையைப் பிடிக்கிறார், முழங்குகிறார், நிலவைப் பார்த்து ஏங்குகிறார். கதாநாயகர் வேஷம் கட்டுவது யார் என்றா கேட்கிறீர்கள்? வேறு யார்! காசியாக நடிக்கக் கரி பூசிக்கொண்ட சங்கரநயினாருக்கு ஒரே வசனம்: "தெய்வமே!"

ஒத்திகை நடக்கும்போது நிஜக் காசியே வந்து நின்றான்.

"சாமி..."

"ஏலே, எத்தன தடவ சொல்லுதேன், அண்ணாச்சின்னு கூப்பிடுலே!"

"அண்ணாச்சி, நான் தெய்வமேன்னு சொல்லலியே. காபியில சீனி கொறைச்சல்னுல்லா சொன்னேன்?"

"சீனிக்கு எவன்லே அழுவான்?"

"அது கெடக்கட்டும். நாளைக்குக் கேசு. நான் அடிபட்டத நீங்கதான் பாத்திய. கோர்ட்டுல வந்து ஒத்த வார்த்த சொல்லுங்க. தோத்துட்டா எங்காளுக ஒருத்தரும் அந்தப் பெஞ்சில உக்கார முடியாது."

"நாலு அங்கமா சொல்லியிருக்கேன், ஒத்த வார்த்தைக்கு வந்து நிக்கியே! மாஜிஸ்திரேட்டுக்கு முன்வரிசைப் பாஸ் அனுப்பியாச்சு, பாத்துத் தெரிஞ்சுக்கிடட்டும். அதோட, இடைவேளைக் காபி பூரா அந்தக் கிளப்காரர் உபயம். அவரப் பகைச்சுக்கிட முடியுமாலே?"

சாட்சியில்லாமல் வழக்கு தள்ளுபடியாயிற்று. சேதி கேட்டு வைத்தியலிங்கம் துடித்துப்போனார். துடித்த துடிப்பில் ஐந்தாம் அங்கம் பிறந்தது: நீதி செத்துவிட்டதென்று கதாநாயகர் தன்னந்தனியாகக் கால் மணி நேரம் அழுகிறார். நாடகம் பார்க்கச் சிவகிரியிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள்கூட விம்மினார்கள். காசி இப்போதும் கிளப் வாசலில் நின்று தேங்காய்ச் சிரட்டையில்தான் குடிக்கிறான். சீனியைப் பற்றி வாய் திறப்பதில்லை.

சிரித்தீர்களா? நல்லது. இவ்வளவு நேரம் வைத்தியலிங்கத்தின் பின்னாலேயே வந்தீர்களே, காசிக்கு அடி எங்கே பட்டது என்று ஒரு தடவையாவது கேட்கத் தோன்றியதா?

வலது முழங்கையில். இன்னும் நீட்ட வரவில்லை.

தோன்றாதவர்கள் சங்கடப்பட வேண்டாம். அண்ணாச்சி உங்களுக்கும் முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்.