'சம்பந்தி'க்கு உத்தரவாதம் கிடையாது

ஜோகுபாளையம், பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய சம்பந்தி அலெக்சாண்டர் அவர்களுக்கு, நாராயணசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுத மனம் வரவில்லை. அங்கே நலமா என்று கேட்க முகம் இல்லை.

நேற்று டோரதியம்மா போன் செய்தார். "என்னண்ணா, எங்க வீட்டுக்காரரு உங்க வீட்ல அப்படி என்னத்தத் தின்னுட்டாரு? ரெண்டு வடை! அதுவும் நீங்க தட்டுல தள்ளினது!" என்றார்.

நடந்தது இதுதான். அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவன் நான். ஓய்வுபெற்ற பிறகு கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, பூ, தோட்டம் என்று இரண்டு சொல் கொடுத்தால் பூந்தோட்டம் என்று சேர்த்துத் தரும் ஒரு சின்ன நிரல் எழுதினேன். ரக்ஷா பார்த்துவிட்டு, "அப்பா, பேக்கேஜா கட்டி, எல்லாரும் எடுத்துக்கிற மாதிரி பொதுவுல போடுங்க" என்றாள். கட்டினேன். போடுகிற தளம் பெயர் கேட்டது. 'சந்தி' என்று கொடுத்தேன். யாரோ ஏற்கெனவே வைத்துவிட்டார்களாம். 'புணர்ச்சி' என்று அடிக்கப் போனேன். ரக்ஷா பாய்ந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாரம்தான் அவளுக்கும் உங்கள் ரயானுக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தோம். சேர்த்து வைப்பதுதானே இதற்கும் வேலை என்று, உங்களை நினைத்து, அன்போடு 'சம்பந்தி' என்று வைத்தேன்.

கூடவே ஓர் உரிமக் குறிப்பும் வேண்டுமாம். ஊரே போடுவதைத்தான் நானும் போட்டேன்: "சம்பந்தி இருக்கிறபடியே தரப்படுகிறது. எந்த உத்தரவாதமும் கிடையாது." சத்தியமாக அது வழக்கமான வாசகம், ஐயா! பிறகு முன்பின் தெரியாத ஒருவர் புகார் எழுதினார்: "சம்பந்தி மெமரி முழுவதையும் தின்றுவிடுகிறது. சின்ன வேலைக்கும் ஏகப்பட்ட நேரம் எடுக்கிறது." நானும் பொறுப்பாகப் பதில் போட்டேன்: "சம்பந்தியின் குறைகள் எனக்கும் தெரியும். அடுத்த வாரம் சரிசெய்கிறேன். அதுவரை கழற்றி வைத்துவிடுங்கள்." இதை உலகமே படிக்கும் என்று தெரியும்; நீங்கள் படிப்பீர்கள் என்று தோன்றவே இல்லையே! ரயான் சாப்பாட்டு மேஜையில் உரக்க வாசித்தாராம். ஏழு தடவை அடித்தும் உங்கள் லைன் கிடைக்கவில்லை. கோயிலா சர்ச்சா என்று இரண்டு வருஷம் பேசிப் பேசி முடித்த சம்பந்தத்தை, ஒரு பெயர் வைத்துக் கெடுத்துவிட்டேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று விடிந்ததும் அதை அடியோடு அழித்துவிட்டேன். 'ஒட்டு' என்று வேறு பெயரில் போட்டிருக்கிறேன். பெரிய மனது பண்ணி மன்னித்துவிடுங்கள். டோரதியம்மாவுக்கு என் வணக்கம், மாப்பிள்ளைக்கு ஆசிகள். வடை விஷயத்தில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை.

தங்கள்
நாராயணசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ரயான் போன் செய்தார். "மாமா, அப்பாவுக்குக் கோபமெல்லாம் ஒண்ணும் இல்ல. தன் பேர்ல ஒண்ணு உலகம் பூரா ஓடுதுன்னு நேத்துலேர்ந்து சொந்தக்காரங்க எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டிருந்தாரு. இன்னிக்கு சர்ச்ல பாதிரியாருக்குக் காட்டலாம்னு திறந்தா, காணோம்! இப்பதான் கோபம்." உடனே பழைய பெயரிலேயே திரும்பப் போடப் போனேன். அந்தப் பெயரை அதற்குள் யாரோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.