என் மகளின் ஆளு

எனக்கு ஒட்டுக்கேட்கிற பழக்கம் கிடையாது. ஸ்ரீரங்கத்தில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் சுவர்கள்தான் அப்படி. பக்கத்து வீட்டு குக்கரின் விசிலை எண்ணிவிட்டு என் அடுப்பை அணைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கீரை ஆய்கிற தாயின் காதில் சில விஷயங்கள் விழத்தான் செய்யும். (சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் இன்னும் தெளிவாக விழும்.)

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் என் அறிவின் அளவு சரியாகத் தெரியும். என் மகள் யாழினிக்கு இருபத்தைந்து வயது. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரில் சண்டை விளையாட்டு ஆடுவாள். இரண்டு பேர் ஆளுக்கொரு வீரனைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு ஒருவரையொருவர் அடித்துச் சாய்க்க வேண்டும். எந்த வீரன் எந்த வீரனை எத்தனை முறை ஜெயிப்பான் என்பதைப் பத்துக்கு இத்தனை என்று கணக்குச் சொல்வார்கள். விளையாட்டை நடத்தும் கம்பெனி அவ்வப்போது ஒருவன் பலத்தைக் குறைத்து இன்னொருவன் பலத்தைக் கூட்டித் திருத்தம் அனுப்பும். நேற்றுவரை அடித்தவன் இன்று அடி வாங்குவான். அந்த வாரம் அப்படியொரு திருத்தம் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை துவாக்குடியில் போட்டி. ஜெயிப்பவர் சென்னைப் போட்டிக்குப் போகலாம். யாழினி அதற்காக ஒரு வருடமாகத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

இந்த விளையாட்டுச் சமாசாரத்தில் ஒரு வரிகூட அப்போது எனக்குத் தெரியாது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு தடதடவென்று எதையோ தட்டுகிறாளே, ஒரு பெண்ணுக்கு இவ்வளவு வேலையா கொடுப்பார்கள் என்று கம்பெனியைத் திட்டிக்கொண்டு ராகிக் கஞ்சி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை. வீட்டுக்குள் தமிழில்தான் பேச வேண்டும் என்பது என் சட்டம். போனில் பேசினாலும் அதே. யாழினி முதலில் முணுமுணுத்தாள், பிறகு கேலியாகக் கடைப்பிடித்தாள், கடைசியில் அதுவே அவளுக்குப் பழகிவிட்டது. மற்றப் பிள்ளைகளைப் போல அவளும் கேரக்டர், அட்வான்டேஜ், ரிஜிஸ்டர் என்று பேசியிருந்தால் என் மானம் இன்னும் என்னிடமே இருந்திருக்கும்.

அன்று புதன்கிழமை. கையில் முருங்கைக்கீரை. உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

“நாலு வருஷமா அவன்தான் என் ஆளு. இப்பப் போய் அவனை விட்டுட்டு வேற ஆளைப் பாருன்னா எப்படி?”

கீரை கையிலேயே நின்றது. “என் ஆளு” என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் பள்ளிக்கூடத்து எட்டாம் வகுப்புக்கே தெரியும். ஏதோ தோழியிடம் மனம்விட்டுப் பேசுகிறாள் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் சாய்ந்தேன்.

“முன்னாடி ஆறுக்கு நாலு இருந்துச்சு. நமக்குத்தான் சாதகம். இப்ப எல்லாத்தையும் மாத்தி வெச்சுட்டாங்க. நாலுக்கு ஆறு.”

ஜாதகத்தைச் சாதகம் என்று சொல்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. அதிலும் அந்த ஒரு வருடமாக யாழினிக்கு வரன் தேடிக்கொண்டிருந்த என் காதுக்குப் பத்துக்குள் எந்த எண் விழுந்தாலும் அது பொருத்தம்தான். ஆக, பத்தில் ஆறு பொருந்தியிருக்கிறது, நாலு பொருந்தவில்லை. சரி, ஆறு இருந்தால் கட்டலாம். அப்புறம் யாரோ ஜாதகத்தையே மாற்றியிருக்கிறார்கள். இப்போது நாலுதான் பொருந்துகிறது. என் பெண் அதற்கும் துணிந்து நிற்கிறாள்.

“கிட்டப் போயிட்டா அவன் பாத்துப்பான். ஆனா கிட்டப் போறதுக்குள்ள அவ குத்திக் குத்தியே சாகடிச்சிடறா.”

இது யாரென்று யோசிக்க எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. மாமியார்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பார்ப்பவர். கூட்டல் கழித்தலுக்கு அப்பால் எதற்கும் பதறமாட்டார்.

“ஜாதகத்தை மாத்தறவன் பொருத்தத்தை ஏத்தித்தானே மாத்துவான்? குறைச்சா மாத்துவான்?”

“அதைத்தாங்க நானும் கேக்கறேன். எப்படிப்பட்ட குடும்பம்னு பாருங்க.”

“அவளையே கேட்டுடேன், வசந்தி.”

“கேட்டா உஷாராயிடுவா.”

வெள்ளிக்கிழமை என் சந்தேகத்துக்கு முத்திரை விழுந்தது. “ரெண்டு பேர் பேரையும் பதிவு பண்ணியாச்சு, பிரவீன்,” என்றாள் யாழினி. “ஞாயித்துக்கிழமை பதினோரு மணி. துவாக்குடி பஸ் ஸ்டாப் எதிர்ல, மாடி ஹால். நீ காட்டூர்லேருந்து நேரா வந்துடு.”

பதிவு. ரெண்டு பேர் பேரையும். ஹால். நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். (உட்கார்ந்துதான் இருந்தேன். இன்னும் கீழே உட்கார முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.)

“ஞாயித்துக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸ் லீவு,” என்றார் என் வீட்டுக்காரர், நான் சொன்னதைக் கேட்டுவிட்டு.

“அதான் ஹால் பிடிச்சிருக்காங்க.”

ஞாயிறு காலை யாழினி தலைக்குக் குளித்தாள். பூஜை அறையில் வழக்கத்துக்கு மாறாக ஒரு நிமிடம் நின்றாள். கறுப்பு டீ ஷர்ட் போட்டுக்கொண்டாள்.

“எங்கேடி?” என்றேன்.

“துவாக்குடிம்மா. சாயந்திரம் வந்துடுவேன்.”

“என்ன விஷயம்?”

“இப்ப சொன்னா உனக்குப் புரியாதும்மா. முடிஞ்சதும் சொல்றேன்.”

அவள் தலை மறைந்ததும் நான் செருப்பைத் தேடினேன். “கறுப்பு டீ ஷர்ட்ல யாராவது கல்யாணம் பண்ணிப்பாங்களா?” என்று அவர் கேட்டார். சந்தேகம் வரக்கூடாதென்றுதான் அந்த டீ ஷர்ட் என்று விளக்கினேன். என்னைத் தனியாக அனுப்புவது பொதுமக்களுக்கு ஆபத்து என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி துவாக்குடி பஸ்ஸில் ஏறினோம். காட்டூர் வந்ததும் நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு வீட்டு வாசலாகப் பார்த்தேன், வாழைமரம் கட்டியிருக்கிறதா என்று. ஒரு வீட்டில் இருந்தது. அழுதுவிட்டேன். “அது கறிவேப்பிலை மரம்,” என்றார் அவர்.

வழியில் பஸ் பழுதாகி நின்றதில், துவாக்குடியில் இறங்கும்போது மணி இரண்டாகிவிட்டது. எதிரிலேயே அந்தக் கட்டடம் இருந்தது. கீழே ஒரு மெஸ், பக்கவாட்டில் மாடிப்படி. படியடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன் எழுந்து, “வாங்க ஆன்ட்டி. நீங்க யாரோட?” என்று கேட்டான்.

“பொண்ணோட அம்மா,” என்றேன். ஒரு தாய் அந்த வார்த்தையை எவ்வளவு கம்பீரமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு கம்பீரமாக.

“ஓ, யாழினி அக்காவோட அம்மாவா? பொண்ணுன்னா அவங்க ஒருத்தங்கதான். சீக்கிரம் மேல போங்க, கடைசிக் கட்டம் ஓடிட்டிருக்கு.”

எனக்கு முகூர்த்தம் முடியப்போகிற கட்டம் ஒன்றுதான் தெரியும். படியில் ஓடினேன். ஐம்பத்திரண்டு வயதில், மூட்டுவலித் தைலம் தடவிய கால்களோடு, இரண்டிரண்டு படியாகத் தாவினேன்.

ஹால் இருட்டாக இருந்தது. மேடையில் மட்டும் வெளிச்சம். அங்கே இரண்டு நாற்காலிகள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் என் மகள், இன்னொன்றில் தாடி வைத்த ஒரு பையன். எதிரே ஒரு கூட்டம், “கிட்டப் போ, கிட்டப் போ,” என்று கத்திக்கொண்டிருந்தது. “பிடி, பிடி, இப்பப் பிடி.” கையைப் பிடிக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். மேடைக்குப் பின்னால் சினிமாத் திரை அளவுக்கு ஒரு திரை இருந்ததும், அதில் மல்லன் ஒருவன் ஈட்டி வைத்திருந்த பெண்ணை நோக்கி ஓடிக்கொண்டிருந்ததும் என் கண்ணில் படவே இல்லை. பெண்ணைப் பெற்ற கண்ணுக்குப் பெண் மட்டும்தான் தெரியும்.

மேடையில் ஏறினேன்.

“நிறுத்துங்க,” என்றேன். வகுப்பறையில் அறுபது பிள்ளைகளை அடக்கிய குரல். “இந்தப் பொருத்தம் சரியில்லை. ஆறுக்கு நாலா இருந்ததை நாலுக்கு ஆறா மாத்தியிருக்காங்க. எனக்கு எல்லாம் தெரியும்.”

யாழினி திரும்பிப் பார்த்தாள். ஒரு விநாடிதான். அந்த விநாடியில் திரையில் ஈட்டி பாய்ந்தது. மல்லன் மல்லாந்தான்.

அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “அப்படிச் சொல்லுங்க ஆன்ட்டி.”

கைதட்டல் ஆரம்பித்தது. விசில். நான் எதிர்பார்த்தது எதிர்ப்பு. கிடைத்தது பேராதரவு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“ஒரு வாரமா நாங்களும் இதைத்தான் சொல்லிட்டிருக்கோம்,” என்றான் முன்வரிசையில் ஒருவன். “ஆன்ட்டிக்குத் தெரியுது, கம்பெனிக்காரனுக்குத் தெரியலை பாரு.”

“ஈட்டியைக் குறைக்கச் சொல்லுங்க ஆன்ட்டி.”

“எந்த ஈட்டி?” என்றேன்.

அதற்குள் மூச்சிரைக்க மேலே வந்து சேர்ந்த என் வீட்டுக்காரர் திரையை நிதானமாகப் பார்த்தார். பையனைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, “வசந்தி, அது மாப்பிள்ளை இல்ல. எதிராளி,” என்றார்.

அப்போது எழுந்த சிரிப்பு எப்போது அடங்கியது என்று எனக்குத் தெரியாது. இன்னும் அடங்கவில்லை என்றுதான் கேள்வி.

தாடிக்காரப் பையன்தான் பிரவீன். நல்ல பையன். எழுந்து வந்து, “ஆன்ட்டி, எனக்குப் போன மாசமே நிச்சயம் ஆயிடுச்சு,” என்றான்.

“எத்தனை பொருத்தம்?” என்று கேட்டது என் வாய். பழக்கதோஷம்.

“எட்டு ஆன்ட்டி.”

அவன் நடத்துகிறவர்களிடம் போய் அந்தக் கடைசிச் சுற்றை மறுபடி ஆடலாம் என்று சொன்னான். அவர்களும் தலையாட்டினார்கள். யாழினி வேண்டாம் என்றுவிட்டாள். “நான்தான் திரும்பினேன். தோத்தது தோத்ததுதான்.” பிரவீன் சென்னைக்குத் தேர்வானான். என் மகள் அவன் கையைக் குலுக்கினாள், ஹெட்போனைப் பையில் போட்டாள், எங்களுக்கு முன்னால் படியிறங்கினாள்.

திரும்பும் பஸ்ஸில் மூன்று பேர் இருக்கையில் நான் நடுவில். நான் மன்னிப்புக் கேட்க மூன்று முறை ஆரம்பித்து, மூன்று முறையும் “சாப்பிட்டியாடி?” என்று முடித்தேன்.

கடைசியில் அவளாகவே பேசினாள். “அந்த மல்லன்தாம்மா என் ஆளு. அவன் ரொம்ப ஜெயிக்கறான்னு அவன் பிடியோட நீளத்தைக் குறைச்சுட்டாங்க. ஈட்டிக்காரிக்கு ஈட்டியை நீட்டிட்டாங்க. அவனை வெச்சு ஆடினவங்க எல்லாம் ஒரே நாள்ல ஈட்டிக்காரிக்கு மாறிட்டாங்க. நான் மாறலை. நாலு வருஷம் கூட இருந்தவனை ஒரு திருத்தம் வந்துச்சுன்னு விட்டுட முடியுமா? இவனை வெச்சே ஜெயிச்சுக் காட்டணும்னு நெனச்சேன்.”

“ஜெயிச்சிருப்பியா?”

“இன்னும் ஒரே ஒரு பிடிதாம்மா பாக்கி. கிட்ட வந்துட்டேன்.”

நான் ஜன்னலைப் பார்த்தேன். எந்தப் பெண் தன் ஆளைக் கைவிட மாட்டேன் என்கிறாளோ அவளைத்தான் எல்லா அம்மாக்களும் மருமகளாகத் தேடுகிறார்கள். எனக்கு அப்படி ஒருத்தி மகளாகவே வாய்த்திருந்தாள். அவளைத்தான் மேடையேறித் தோற்கடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

வீடு வந்ததும் தமிழ்ச் சட்டத்தை வாபஸ் வாங்கினேன். யாழினி ஏற்றுக்கொள்ளவில்லை. இப்போது முன்னைவிடத் தூய தமிழில் பேசுகிறாள், நான் சுவர்ப் பக்கம் இருக்கும்போது இன்னும் சத்தமாக. பிரவீன் சென்னையில் முதல் ஆட்டத்திலேயே வெளியேறினான், அதுவும் ஒரு மல்லனிடம். அந்தச் செய்தி வந்த அன்று அவள் இரண்டு டம்ளர் கஞ்சி குடித்தாள்.

நான் மேடையேறியதை யாரோ படம் பிடித்திருக்கிறார்கள். அது எங்கள் பள்ளிக்கூடம் வரை வந்துவிட்டது. வினாத்தாள் கடினமாக இருந்தால் என் பத்தாம் வகுப்பு மாணவிகள், “டீச்சர், இந்தப் பொருத்தம் சரியில்லை,” என்கிறார்கள். இலக்கணப்படி அந்த வாக்கியத்தில் பிழை இல்லாததால் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

சென்ற மாதம் தஞ்சாவூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனின் அப்பா போனில், “பத்துக்கு எட்டுங்க,” என்றார். ஓடிப்போய் யாழினியிடம் சொன்னேன். அவள் தலை தூக்காமல், “அடுத்த திருத்தம் எப்ப வரும்னு கேட்டியாம்மா?” என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “கல்யாணப் பொருத்தம் அப்படியெல்லாம் மாறாதுடி. எனக்கும் அப்பாவுக்கும் பத்துக்கு ஒம்பது. கல்யாணத்தப்போ என்னவோ அதேதான் இன்னிக்கும்.”

கூடத்தில் மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் துணியை ஒருமுறை உதறினார்.

“யாரு சொன்னா? இப்ப நாலுக்கு ஆறு.”

“யாருக்கு ஆறு?” என்றேன்.

அவர் ஸ்டூலிலிருந்து இறங்கி, பால் வாங்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். இன்றுவரை பதில் இல்லை. யாழினிக்குத் தெரியும் போலிருக்கிறது. அவளும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.