மூத்த மாப்பிள்ளை வாசித்த கெட்டிமேளம்

கல்யாணமான புதிதில் மனைவியிடம் அளக்காத ஆண்பிள்ளை உலகத்தில் உண்டா? சிலர் படிப்பைப் பற்றி அளப்பார்கள், சிலர் வீரத்தைப் பற்றி. நான் தவிலைப் பற்றி அளந்தேன்.

உண்மை இவ்வளவுதான். திருச்சியில் நாங்கள் இருந்த தெருவில் ஒரு தவில்காரர் வீடு இருந்தது. ஸ்கூல் விட்டதும் அங்கே போய் உட்கார்ந்து நாலு வருஷம் கற்றுக்கொண்டேன். சுமாராக வரும். குமாஸ்தா வேலை கிடைத்ததும் விட்டுவிட்டேன். சரோஜாவிடம் சொல்லும்போது அந்தச் சுமார், பிரமாதம் ஆகிவிட்டது. நான் மலைக்கோட்டையில் வாசித்தால் காவிரிப் பாலத்தில் கேட்கும் என்றேன். (பாலத்தில் நின்று யாரும் கேட்டதில்லை.) பாவம், அவள் நம்பிவிட்டாள். எட்டு வருஷம் தவிலைத் தொடாமலே அந்தப் பெருமையில் குளிர்காய்ந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம். ஸ்ரீரங்கத்தில் ஒரு சத்திரத்தில் சரோஜாவின் தங்கை கமலாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை துவாக்குடிப் பக்கம் விவசாயக் குடும்பம். தங்கமான பையன், வாயே திறக்க மாட்டான். அவனுக்கும் சேர்த்து அவனுடைய பெரியப்பா பேசுவார். முந்தின வருஷம் கமலாவுக்கு நிச்சயமான ஒரு சம்பந்தம், மரியாதை குறைந்துவிட்டது என்று யாரோ முறுக்கிக்கொண்டதில் முறிந்துபோயிருந்தது. இதுவும் போனால் என் மாமனார் எழுந்திருக்கவே மாட்டார் என்று எல்லாருக்கும் பயம்.

கல்யாணத்தன்று காலையில் தவில்காரர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து மணிக்கட்டு பிசகிவிட்டது. தெருமுனையில் மாப்பிள்ளையை எதிர்கொண்டு அழைக்கப் போனபோது நாதஸ்வரக்காரர் மட்டும் ஒண்டியாக ஊதினார். பெரியப்பாவின் முகம் அங்கேயே கடுகடுத்தது. வேறு தவிலுக்கு நாலு பக்கமும் ஆள் ஓடினார்கள். வைகாசி முகூர்த்த நாளில் எந்தத் தவில்காரர் சும்மா இருப்பார்?

அப்போதுதான் சரோஜா வாயைத் திறந்தாள். "ஏம்ப்பா ஆள் ஆளா அனுப்புறீங்க? இவருதான் இருக்காரே. இவரு வாசிச்சா காவிரிப் பாலம் வரைக்கும் கேக்கும்."

மாமனார் என்னைப் பார்த்துக் கைகூப்பிவிட்டார். மூத்த மாப்பிள்ளை மேளக்காரர்களோடு உட்காருவது நன்றாக இருக்குமா என்று முனகிப் பார்த்தேன். என் கௌரவத்தை அந்த வீட்டில் அன்றைக்கு யாரும் சட்டை செய்யவில்லை.

சமையற்கட்டுக்குப் பின்னால் கால்மணி நேரம் ஒத்திகை. விரல்களில் மாட்டும் கூடுகள் தவில்காரருடையவை, எனக்குத் தொளதொளவென்று இருந்தன. இடது கையில் குச்சி ஒரு திசை, வலது கை வேறு திசை. அங்கே யாரப்பா விறகு பிளப்பது என்று உள்ளேயிருந்து சமையல்காரர் கேட்டார். கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த தவில்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மணிக்கட்டு வலியால் அல்ல.

நாதஸ்வரக்காரர்தான் இரக்கப்பட்டார். "நீங்க ஒண்ணும் பெருசா வாசிக்க வேணாங்க. தாலி கட்டற நேரத்துல கெட்டிமேளம்னு விரலை ஆட்டுவாங்க. அப்ப மட்டும் பலமா அடிங்க. விரல் இறங்கற வரைக்கும் நிறுத்தாதீங்க, போதும்."

அதை மந்திரம் மாதிரி பிடித்துக்கொண்டேன். விரல், விரல், விரல்.

ஒன்பது மணிக்கு முகூர்த்தம் முடிகிறது. எட்டரைக்குத் தாலி எல்லாரிடமும் ஆசி வாங்கிக்கொண்டு மணவறைக்குத் திரும்பி, மாப்பிள்ளையின் கைக்கும் போய்விட்டது. அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா எழுந்தாராம். (இதெல்லாம் பிறகு மற்றவர்கள் எனக்குச் சொன்னது. நான் கூட்டத்துக்குப் பின்னால் இருந்தேன்.) மேளமில்லாமல் அழைத்தது அழைப்பே இல்லை, பையனை எழுப்பித் தெருமுனைக்குக் கூட்டிப் போய் மறுபடி முறையாக அழைக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி கட்டிவிடுவோம் என்றாராம். தாலி கட்டி முடியட்டும், பத்துத் தடவை வேண்டுமானாலும் அழைக்கிறேன் என்று மாமனார் கெஞ்சினாராம். "நிறுத்துங்க எல்லாத்தையும்" என்று பெரியப்பா விரலைத் தூக்கி ஆட்டினார்.

எனக்குத் தெரிந்தது தலைகளுக்கு மேல் ஆடிய அந்த விரல் மட்டும்தான்.

அடித்தேன். எட்டு வருஷப் பொய்யையும் சேர்த்து அடித்தேன். நாதஸ்வரக்காரர் திடுக்கிட்டு எடுத்து ஊதினார். கூட்டம் எங்கள் சத்தத்தைக் கேட்டதும் கையிலிருந்த அட்சதையை வீசிவிட்டது. மாப்பிள்ளை தாலியைக் கட்டினான், அவன் அக்கா மீதி முடிச்சுகளைப் போட்டாள்.

பெரியப்பா என் பக்கம் திரும்பி விரலை இன்னும் வேகமாக ஆட்டினார். நிறுத்தடா என்று அர்த்தம். இன்னும் பலமாகக் கேட்கிறார் என்று நான் நினைத்தேன். ஒரு கூடு கழன்று பறந்து ஐயர் மடியில் விழுந்தது. அதற்குள் என் விரல்களுக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. வலது கையும் இடது கையும் சமாதானமாகி, ஓடி ஓடி வந்து ஒன்றாக விழுந்தன. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதை எப்படி எட்டு வருஷம் விட்டுவைத்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஓரத்தில் தவில்காரர் நல்ல கையால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கண் திறந்திருந்தது.

விரல் இறங்கியதும் நிறுத்தினேன். பெரியப்பாவின் தலையெல்லாம் அட்சதை. பேச வாயெடுத்தார். அதற்குள் மாமனார் ஓடிவந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். "நீங்களே முன்னால நின்னு கெட்டிமேளம் சொன்னீங்களே, இந்த மரியாதை எனக்கு யாரு செய்வாங்க?"

சுற்றி நின்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். பெரியப்பா நாலு பக்கமும் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பின்னே? நம்ம வீட்டுக் கல்யாணம், நாமதானே சொல்லணும்" என்றார்.

முதல் பந்தியில் அவருக்குப் பக்கத்து இலை எனக்கு. இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கினேன்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த மணிக்கட்டு பிசகிய தவில்காரர் வீட்டில் போய் வாசிக்கிறேன். நன்றாகவே வருகிறது. (சரோஜாவிடம் கேட்டால் சுமார் என்பாள்.) அந்த நேரத்தில் உண்மையில் என்ன நடந்தது என்று கமலா ஒருநாள் தன் புருஷனைக் கேட்டாளாம். பெரியப்பா சொன்னதெல்லாம் தன் காதில் நன்றாகவே விழுந்தது என்றானாம் அந்த ஊமைப்பிள்ளை. "மேளம் அடிச்சாங்க, கட்டிட்டேன்."

இப்போதும் எங்கள் குடும்பத்தில் யாராவது சண்டையில் விரலை நீட்டிப் பேசினால், மூலையில் உட்கார்ந்திருக்கும் அவன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வான். "விரலை மடக்குங்க. அண்ணன் இங்கதான் இருக்காரு."