தோற்றம் மட்டும் போடுங்க

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. டாக்டர் பத்து வாக்கியம் சொன்னால், அதில் மோசமாகக் கேட்கும் ஒன்றை மட்டும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். மற்ற ஒன்பதும் கிளினிக் வாசலிலேயே உதிர்ந்துவிடும்.

சிம்பாங் பூலாயில் ஒரு மார்பிள் தொழிற்சாலையில் நான் ஸ்டோர் கீப்பர். கம்பெனி செலவில் வருடம் ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். அந்த முறை என் வெள்ளை அணுக்கள் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே இறங்கியிருந்தன.

"போன மாசம் காய்ச்சல் வந்துச்சுன்னு சொன்னீங்க லா, அதனால இருக்கலாம். நிறைய பேருக்குத் தானா ஏறிடும். மூணு வாரம் கழிச்சு மறுபடியும் பாப்போம். நடுவுல காய்ச்சல் கண்டா மட்டும் உடனே வந்துடுங்க" என்றார் டாக்டரம்மா.

என் காதில் விழுந்தது 'மறுபடியும்' மட்டும்தான். நல்ல ரத்தமாக இருந்தால் எதற்கு மறுபடியும்?

மனைவி வசந்தாவிடம் சொல்லவில்லை. பயந்துவிடுவாளாம். (பயந்து நடுங்கிக்கொண்டிருந்தது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.) ரிப்போர்ட்டை மடித்துப் பேண்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, கைப்பேசியில் தேட ஆரம்பித்தேன். மூன்றாவது பக்கத்தில் எனக்கு ரத்தப் புற்றுநோய் வந்துவிட்டது. ஐந்தாவது பக்கத்தில் இன்னும் கொஞ்சம் முற்றியது. ஸ்டோரில் பசை டின்களுக்குப் பின்னால் தெர்மாமீட்டரை ஒளித்து வைத்து, ஒரு நாளைக்கு ஐந்து தடவை காய்ச்சல் பார்த்தேன். டிங்கிக் காய்ச்சல் வந்தவர்களுக்குக் கொடுக்கும் பப்பாளி இலைச் சாற்றைப் போத்தலில் கொண்டுபோய்க் குடித்தேன். எனக்கு டிங்கி இல்லை. ஆனாலும் அவ்வளவு கசப்பான ஒன்று எதற்காவது உதவாமலா போகும் என்று ஒரு நம்பிக்கை.

அந்த மூன்று வாரமும் வசந்தா அடிக்கடி நண்டு ரசம் வைத்தாள். "நல்ல நண்டு வருது, சாப்பிடுங்க" என்றாள். நானும் சாப்பிட்டேன். மூளை வேலை செய்கிற மனுஷன் அப்போதே யோசித்திருப்பான்.

இனி படத்துக்கு வருகிறேன். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அவர் இறந்தபோது மாலை போட ஒரு தனிப்படம் இல்லை. சொந்தக்காரர் கல்யாணத்தில் கும்பலாக எடுத்த படத்திலிருந்து அவரை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கினோம். எவ்வளவு வெட்டியும், அவர் தோளில் கிடந்த யாரோ ஒருவரின் கை போகவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டு ஹாலில் அப்பா அந்தக் கையோடுதான் இருக்கிறார். அது யார் கை என்று யாருக்கும் தெரியாது.

வசந்தாவுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்று முடிவு செய்தேன். இரண்டாவது ரத்தப் பரிசோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம், கம்பெனி விருந்தில் பூப்போட்ட பாத்தேக் சட்டையோடு சிரித்துக்கொண்டிருந்த என் படத்தைச் சிலிபினில் உள்ள ஒரு போட்டோக் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மாலை போடுகிற மாதிரி பெரிதாக, ஃப்ரேம் போட்டு, சீக்கிரம் வேண்டும் என்று எழுதினேன்.

"தோற்றம், மறைவு தேதி அனுப்புங்க" என்று பதில் வந்தது.

"தோற்றம் மட்டும் போடுங்க. மறைவு பிறகு சொல்றேன்" என்று அனுப்பினேன்.

கடைக்காரர் எதையோ தட்டுவதும் நிறுத்துவதுமாக இருந்தார். பிறகு, "சரிங்கண்ணே. மனச தேத்திக்குங்க" என்று வந்தது.

மூன்று வாரத்தில் எனக்கு ஆறுதல் சொன்ன முதல் மனிதர். கண் கலங்க நன்றி சொன்னேன்.

மறுநாள் சனிக்கிழமை. ஓவர்டைம் என்று வசந்தாவிடம் சொல்லிவிட்டுக் கிளினிக்குக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் போன் செய்து முடிவைச் சொல்வதாகச் சொன்னார்கள். வெளியே வந்ததும் போனை அடைத்தேன். போன் அடைத்திருந்தால் கெட்ட செய்தி வராது அல்லவா? ஒரு கோப்பிக் கடையில் போய் உட்கார்ந்தேன். கோப்பி ஆறி, அதில் ஒரு ஈ விழுந்து, அதுவும் போய்ச் சேர்ந்தது. எனக்கு அது நல்ல சகுனமாகப் படவில்லை.

அதே நேரத்தில் பாகான் டத்தோவில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் மச்சான், வசந்தாவின் அண்ணன், எங்கள் ஊருக்கு வந்த இடத்தில் பாஸ்போர்ட் படம் எடுக்க அந்தக் கடைக்குள் நுழைந்திருக்கிறார். கல்லாவுக்குப் பின்னால், சந்தன மாலையோடு நான் சிரித்துக்கொண்டிருந்தேன். (மாலை கடைக்காரரின் சொந்த அன்பளிப்பு.) மச்சான் எனக்குப் போன் போட்டார். போன் அடைத்துக் கிடந்தது. அதற்கு மேல் அவருக்கு என்ன சாட்சி வேண்டும்? படத்தை வாங்கிக்கொண்டு, பாகான் டத்தோவுக்குத் தகவல் சொல்லிவிட்டு, நேரே என் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

இரண்டு மணிக்கு நான் திரும்பியபோது கேட்டுக்கு முன்னால் இருபது ஜோடிச் செருப்பு கிடந்தது. உள்ளே மச்சான் அழும் சத்தம் கேட்டது. எனக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தோன்றியது. கிளினிக்கிலிருந்து வீட்டுக்குப் போன் செய்துவிட்டார்கள். எனக்கு எத்தனை நாள் என்பது உள்ளே இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. காரில் சாய்ந்து நின்று அழுதேன். சாவதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. வசந்தா ஒரு தட்டு மட்டும் வைத்துச் சாப்பிட உட்காருவாளே என்று நினைத்தேன், அதைத்தான் தாங்க முடியவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். என் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. மச்சான் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, நீ எங்கய்யா போன?" என்றார்.

"டாக்டர் என்ன சொன்னாங்க மச்சான்?" என்றேன்.

"எந்த டாக்டரு?"

சமையலறையிலிருந்து வசந்தா வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்து அறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"காலையில சாப்பிட்டுட்டுப் போன மனுஷன்னு நான் சொல்றேன். அதிர்ச்சியில உளறுறேன்னு அண்ணன் எனக்குத் தண்ணி குடுக்குது. படத்துல மறைவு தேதி இல்ல, நீங்களே படத்துக்குச் சொல்லியிருக்கீங்கன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. சொல்லிட்டு எங்க போனீங்க, என்ன பண்ணிக்கிட்டீங்க, ஒண்ணும் தெரியல. போனும் அடைச்சுக் கிடக்கு."

"ரத்தத்துல வெள்ளை அணு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். மூணு வாரமா தெரியும். பேண்ட் துவைக்கிறப்ப ரிப்போர்ட்டப் பாத்தேன். நர்ஸா இருக்கிற கூட்டாளிகிட்ட கேட்டேன். பெருசா பயப்பட வேணாம், நல்லா சாப்பிடச் சொல்லுன்னுச்சு."

நண்டு ரசம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"அப்ப ஏன் என்கிட்ட கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு தினம் பாத்துக்கிட்டு இருந்தேன். போட்டோக் கடைக்காரர்கிட்ட சொன்னத என்கிட்ட சொல்ல முடியலையா உங்களுக்கு?"

அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவளை மூன்று வாரம் தனியாகப் பயப்பட விட்டிருக்கிறேன்.

போனைத் திறந்தேன். எண்ணைத் தப்புத் தப்பாகத் தட்டினேன். வசந்தாவே வாங்கிக் கிளினிக்குக்கு அழைத்தாள். "நார்மல் சுடா, புவான்" என்று மலாயில் சொன்னாள் நர்ஸ். சரியாகிவிட்டதாம். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்துவிட்டால் போதுமாம். காலையிலிருந்து அழாத வசந்தா, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அப்போதுதான் அழுதாள்.

வெளியே யாரும் கிளம்பவில்லை. பாகான் டத்தோவிலிருந்து வேன் பிடித்து வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியுமா? சாவு வீட்டுக்கென்று மச்சான் வாங்கி வந்த தேத்தூள், சீனி, பிஸ்கட் டின் எல்லாவற்றையும் நானே பிரித்து, நானே தேத்தண்ணி கலக்கி, என் சாவுக்கு வந்தவர்களுக்கு நானே கொடுத்தேன்.

அடுத்த வாரம் வசந்தா என்னை அதே போட்டோக் கடைக்கு அழைத்துப் போனாள். என்னைப் பார்த்ததும் கடைக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டோம். வசந்தா என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "எத்தனை வருஷம் கழிச்சுக் கேட்டாலும் இதத்தான் பெருசாக்கணும். என் கைய வெட்டக்கூடாது" என்று கடைக்காரரிடம் சொன்னாள்.

மச்சான் இப்போதெல்லாம் போன் செய்தால் ஹலோ சொல்வதில்லை.

"மாப்பிள்ளை, இன்னும் தோற்றம் மட்டும்தானே லா?"

"மட்டும்தான் மச்சான்" என்பேன்.

"போன அடைக்காம இருக்கச் சொல்லுங்கண்ணே" என்று பக்கத்திலிருந்து வசந்தா குரல் கொடுப்பாள்.