அமைதிக்கு ஒரு பந்தல்

கதவைச் சாத்திவிட்டால் வீடு அமைதியாகிவிடும் என்றுதான் கிளமென்ட் நினைத்தான். சாத்திய கையோடு எதிர்வீட்டுச் சவரியம்மாள் அதைத் தட்டினாள்.

“தம்பி, பிரஷர் பாக்குற பொண்ணு வந்திருக்காமே. எனக்கும் ஒரு தடவை பாக்கச் சொல்லேன்.”

“அவங்க டூலா, அத்தே. பிரசவம் முடியுற வரைக்கும் ஃபிளோரா கூடவே இருந்து தைரியம் சொல்றவங்க.”

“எனக்கும் தைரியம் பத்தலப்பா” என்றபடி கையை நீட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

எட்டு மாத வயிற்றோடு அவன் மனைவி ஃபிளோரா கட்டிலில் படுத்திருந்தாள். காலையில் ரத்த அழுத்தம் நூற்றைம்பதைத் தொட்டிருந்தது. “சத்தமில்லாம ஓய்வா இருக்கட்டும். சாயங்காலம் மறுபடி பாருங்க. இறங்கலைன்னா அட்மிஷன்தான்” என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். தஞ்சாவூரிலிருந்து துணைக்கு வந்த டூலா கவிப்ரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பேசிக்கொண்டிருந்தாள்.

சவரியம்மாளுக்குப் பார்த்ததுதான் தப்பு. கொஞ்ச நேரத்தில் தெருவே வாசலில் நின்றது.

“நேத்தே வரணும்னு நெனச்சேன். அப்போ நான்தானே முதல் ஆளு?” என்று ஒருவர் சண்டை பிடித்தார்.

“எல்லாரையும் போகச் சொல்லுங்க சார்” என்றாள் கவிப்ரியா.

“கோவிச்சுக்குவாங்க. பிரஷர் மெஷினை இப்படிக் குடுங்க, வெளியிலேயே பாத்து அனுப்பிடுறேன். கூட்டத்தை அடக்குறது என் தொழில்.”

உண்மைதான். துபாய்க் கடையொன்றில் தள்ளுபடி நாட்களில் வரிசையை ஒழுங்கு செய்வதுதான் அவன் வேலை. விடுப்பில் வந்த இடத்திலும் தொழில் அவனை விடவில்லை.

டோக்கன் கொடுத்தான். டோக்கன் கொடுக்கிறார்கள் என்றால் வேறு ஏதோ கொடுப்பார்கள் என்று அடுத்த தெருவும் வந்தது. வெயில் தாங்காமல் கூச்சல் போட்டார்கள். மாதா கோயிலிலிருந்து நாற்காலிகளை வரவழைத்துப் பந்தல் போட்டான். பந்தலைப் பார்த்து டீக்காரர் வந்தார். டீயைப் பார்த்து, நடவு முடித்தவர்கள் சேற்றுக்காலோடு வந்தார்கள். தான் கத்துவது ஃபிளோராவுக்குத் தொந்தரவு என்று மைக் செட் வைத்தான்.

“அமைதி! உள்ளே கர்ப்பிணி ஓய்வெடுக்கிறார்!” என்று அது நாலு தெருவுக்கு அலறியது.

வார்டு கவுன்சிலர் வந்து, “முகாமைத் திறந்து வைக்க ஒரு வார்த்தை கூப்பிடலையே தம்பி” என்று வருத்தப்பட்டார். யாரோ ஓடிப்போய் ரிப்பன் வாங்கி வந்தார்கள்.

ரிப்பன் வெட்டும் நேரத்தில் கவிப்ரியா வெளியே வந்தாள்.

“மெஷினைக் குடுங்க சார். அக்காவுக்குப் பாக்கணும்.”

“டோக்கன் இருக்கா?” என்றது கூட்டம்.

கிளமென்ட் தவித்தான். “நியாயம்னு ஒண்ணு இருக்குங்களே. இந்தாங்க, டோக்கன். நானே கூப்பிடுறேன்.”

அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

பொழுது சாயும்போது மைக்கில் ஃபிளோராவின் பெயர் ஒலித்தது. யாரும் வரவில்லை. மறுபடி அழைத்தான். பிறகு உள்ளே ஓடினான். கட்டில் காலி.

வாசலுக்குப் பாய்ந்தவன் மேல், அப்போதுதான் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த மருதையன் மோதினான்.

“பதறாதீங்கண்ணே. அண்ணியையும் அந்தப் பொண்ணையும் கொல்லைப் பக்கமா ஏத்திட்டுப் போயி ஆஸ்பத்திரில விட்டேன். டாக்டரம்மா பாத்துட்டாங்க. பிரஷர் இறங்கிடுச்சு. அண்ணி நல்லாத் தூங்குறாங்க.”

“ஆஸ்பத்திரிலயா? அந்தக் கூட்டத்துல எப்படிடா தூங்குவா?”

“கூட்டமா? அங்க ஈ காக்கா இல்லண்ணே” என்றான் மருதையன், பந்தலைப் பார்த்தபடி. “ஊர்ல இருக்குற நோயாளி அத்தனை பேரையும் நீங்கதான் இங்க உக்கார வெச்சிருக்கீங்களே!”