பூட்டுக்காரர் டாக்டர் தேடிய கதை

“டாக்டர் அரசுக் காப்பீட்டு அட்டையை ஏத்துக்குவாரா?”

“ஐயா, இது திரைச்சீலைக் கடை. அட்டையோ ரொக்கமோ எதுன்னாலும் சரி. ஜன்னல் அளவைச் சொல்லுங்க.”

பூட்டுக்காரர் போனை வைத்தார். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் பேசினார். தண்ணீர்ச் சத்தத்தில் வீட்டில் யாருக்கும் கேட்காது என்பது அவர் கணக்கு. காப்பீட்டு அலுவலகம் இணையத்தில் போட்டிருந்த மனநல மருத்துவர் பட்டியலில் மேலிருந்து கீழாக இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு டாக்டர் வெளிநாடு போய்விட்டார். ஒருவர் உலகத்தை விட்டே போய்விட்டார். இன்னொருவர் இருந்தார்; அட்டை என்று சொன்னதும் அவரும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

விஷயம் இதுதான். ஊருக்கெல்லாம் பூட்டு மாட்டிக் கொடுக்கும் மனிதருக்குக் கொஞ்ச காலமாக எந்தப் பூட்டின் மீதும் நம்பிக்கை இல்லை. பூட்டினோமா இல்லையா என்று மனசு அரிக்கும். படுத்தவர் எழுந்து போய் வாசல் கதவை இழுத்துப் பார்ப்பார். பிறகு பின்கதவு. பிறகு சந்தேகம் வந்து மறுபடியும் வாசல் கதவு. வழியில் மாமியாரின் அறைக்கதவு கண்ணில் பட்டால் அதையும் வெளியிலிருந்து பூட்டிவிடுவார். விடிந்ததும் மாமியார் உள்ளேயிருந்து தட்டுவார்.

“மன்னிச்சிடுங்க அத்தை.”

“பரவாயில்லை மாப்பிள்ளை.”

இது அந்த வீட்டில் காலை வணக்கத்துக்குப் பதிலாக வழங்கிவந்தது.

மனைவி இதையெல்லாம் தொழில் பக்தி என்று நம்பினாள். அவர் வேலை பார்க்கும் பூட்டுக் கடையின் முதலாளி நம்பவில்லை. ஒரு வீட்டில் புதுப் பூட்டு மாட்டிவிட்டு வந்தவர், அது சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சாயங்காலம் மறுபடி போயிருக்கிறார். யாரோ கதவை ஆட்டுகிறார்கள் என்று உள்ளேயிருந்தவர்கள் போலீசைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

“பூட்டு மாட்டினவனே திருட வந்தான்னு பேரு கிளம்பினா நான் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்,” என்றார் முதலாளி. “மனசுக்கு வைத்தியம் பாருய்யா. டாக்டர் கையெழுத்தோட வா. இல்லேன்னா வராதே.”

அட்டை இல்லாமல் பார்க்கும் டாக்டரின் கட்டணத்தை விசாரித்தபோது பூட்டுக்காரருக்கு மிச்சமிருந்த நிதானமும் போய்விட்டது. காப்பீட்டு உதவி மையத்துக்குப் போன் செய்தார்.

“பட்டியல்ல திரைச்சீலைக் கடை நம்பர் இருக்கும்மா.”

“போன மாசம்தான் எல்லாத்தையும் சரிபார்த்தோம் சார்.”

“அவங்க திரைச்சீலை விக்கிறாங்க.”

“அட்டையை ஏத்துக்கறாங்களா?”

“ஏத்துக்கறாங்க.”

“அப்புறம் என்ன சார்?”

பட்டியலின் அடியில் ஒரு சின்ன மருத்துவமனை இருந்தது. வரவேற்பில் ஒரு பெண் எடுத்தாள். “டாக்டர் அட்டையை ஏத்துக்குவாரு,” என்றாள். பூட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஆனா அட்டைக்காரங்க இத்தனை பேர்தான்னு ஒரு வரம்பு இருக்கு. இப்போ இடம் இல்லை. யாராவது குணமாகிப் போனாத்தான் அடுத்த ஆள்.”

“குணமாகிற மாதிரி யாராவது இருக்காங்களா?”

“டாக்டர் ரொம்ப நல்லவரு சார். வந்தவங்க யாரும் போறதில்லை.”

“அவசரம்மா.”

“வயசானவங்கன்னா டாக்டர்கிட்ட கேட்டுப் பாக்கலாம்.”

பூட்டுக்காரர் பொய் சொல்லிப் பழகாதவர். அதனால் வாயில் முதலில் வந்ததைச் சொன்னார். “என் மாமியாருக்குத்தான்.” பேரையும் விலாசத்தையும் கொடுத்தார்.

“அவங்களுக்கு என்ன பண்ணுது?”

“வீட்டுல கதவு கதவாப் போய்ப் பூட்டறாங்க.”

மறுமுனையில் காகிதங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. “அவங்களா பூட்டறாங்க?”

“ஆமாம்மா.”

“விசாரிச்சிட்டுச் சொல்றோம்.”

விசாரித்தார்கள். அன்றைக்கே வீட்டுக்குப் போன் வந்தது. எடுத்தது மனைவி.

“எங்கம்மாவுக்கு மனசு சரியில்லைன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

“அப்படிச் சொல்லலே. கதவைப் பூட்டறாங்கன்னுதான்...”

“பூட்டறது நீங்க!”

உண்மையைச் சொல்லிவிட அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. ஆனால் வெட்கம் முந்திக்கொண்டது. “வைத்தியம் முதலாளிக்கு. வெளியில தெரியக் கூடாதுன்னு அத்தை பேரைக் கொடுத்தேன்.”

மனைவியின் கோபம் அப்படியே இரக்கமாக மாறியது. இரக்கம் வந்துவிட்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. முதலாளியின் மனைவிக்குப் போன் போட்டு, எதற்கும் கலங்க வேண்டாம், இந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் மருந்து இருக்கிறது என்று தைரியம் சொன்னாள்.

மறுநாள் முதலாளி கடை வாசலிலேயே காத்திருந்தார்.

“என் வீட்டுக்காரி கத்தியெல்லாம் எடுத்து ஒளிச்சு வச்சிட்டா. ஷேவிங் பண்ணப் போனா பின்னாலயே வந்து நிக்கிறா. ‘எனக்கு ஒண்ணும் இல்லைடி’ன்னு கத்தினேன். ‘எல்லாரும் முதல்ல இப்படித்தான் சொல்லுவாங்களாம்’னு அழறா.”

“ஐயா, அது வந்து...”

“வெள்ளிக்கிழமை டாக்டர் கையெழுத்து என் மேஜையில இருக்கணும். இல்லேன்னா நீ வச்சிருக்கிற கடைச் சாவி என் மேஜையில இருக்கணும்.”

பூட்டுக்காரருக்கு வேறு தொழில் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. சாவி அறுக்கும்போது மட்டும்தான் அவர் மனசு ஓரிடத்தில் நின்றது. அதுவும் போய்விட்டால் என்ன ஆவோம் என்று நினைத்தபோது அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது. வீட்டுக்கு வந்து, மனைவியையும் அத்தையையும் உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

“இத்தனை நாளா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே,” என்று மனைவி அழுதாள்.

அத்தை டீயைக் குடித்து முடித்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு, “கொஞ்சம் வெளியில போயிட்டு வர்றேன்,” என்று கிளம்பிவிட்டார்.

“பாத்தீங்களா? எங்கம்மா மனசு எவ்வளவு நொந்திருந்தா இப்படி எழுந்து போவாங்க!” என்றாள் மனைவி. பூட்டுக்காரர் தலை குனிந்துகொண்டார். பிறகு எழுந்து போய் வாசல் கதவை இழுத்துப் பார்த்தார்.

மறுநாள் காலை மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. ஒரு இடம் காலியாகிவிட்டதாம், உடனே வரச் சொன்னார்கள்.

“யாரோ குணமாயிட்டாங்க போலிருக்கு,” என்றார் பூட்டுக்காரர் நெகிழ்ந்துபோய். “யாரா இருந்தாலும் நல்லா இருக்கட்டும்.”

“நானும் வர்றேன் மாப்பிள்ளை,” என்றார் அத்தை. “பேரு என்னோடதுதானே.”

பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

“பயமா இருக்கு அத்தை. உள்ளே போனா என்ன கேப்பாரோ?”

“அதிகம் கேக்க மாட்டாரு. நீங்க பேசறதைக் கேட்டுக்கிட்டு இருப்பாரு. தண்ணி வேணும்னா கேளுங்க, கொடுப்பாரு.”

அத்தையின் பொது அறிவு பூட்டுக்காரருக்கு ஆறுதலாக இருந்தது.

மருத்துவமனைக் கதவு திறக்கவில்லை. பூட்டுக்காரர் கைப்பிடியைத் திருகிப் பார்த்தார். குனிந்து தாழ்ப்பாளை ஆராய்ந்தார். உள்ளே பூட்டின் நாக்கு தேய்ந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். அத்தை அவரை ஓரமாக நகர்த்திவிட்டு, கதவை லேசாகத் தூக்கித் தள்ளினார். திறந்துகொண்டது.

“எப்படி அத்தை?”

“பழைய கதவு மாப்பிள்ளை. வாங்க.”

வரவேற்பில் அதே பெண் உட்கார்ந்திருந்தாள். இனி ஒரு பொய்யும் வேண்டாம் என்று பூட்டுக்காரர் வரும்போதே முடிவு செய்திருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அம்மா, நான் கொடுத்தது என் மாமியார் பேரு. ஆனா அவங்களுக்கு ஒண்ணும் இல்லை. நோயாளி நான்தான்.”

அந்தப் பெண் அத்தையைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

“தெரியும் சார். இத்தனை நாளா இங்க வந்துட்டிருந்த இவங்க, ‘என் வியாதியே எங்க மாப்பிள்ளைதான், அவரைச் சரிபண்ணிட்டா நான் எதுக்கு வரணும்?’னு சொல்லி, நேத்துதான் அவங்க இடத்தை உங்களுக்கு விட்டுக் கொடுத்துட்டுப் போனாங்க.”